சிவப்புக் குச்சிக்கு அங்கால் நின்ற பாலை

கமரா வந்த அன்று வீட்டில் எல்லாரும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். எல்லாரும் என்றால் நானும் மாமியும்தான். கலியாணம் முடித்துக் கொஞ்ச மாதத்திலேயே என்னவர் வளைகுடாவுக்குத் திரும்பிப் போய்விட்டார். அங்கே ஒரு துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிற வேலை. அவரோடு வேலை செய்த தலைமன்னார்க்காரர் ஒருவர் லீவில் வரும்போது, துவாயில் சுற்றிய கமராவையும் ஒரு பிஸ்கட் பேணி நிறையப் பிலிம் ரோல்களையும் கொண்டுவந்து தந்தார்.

அந்தக் கிழமை சந்தியில் இருந்த கொமினிகேசன் கடைக்குப் போய்க் கோல் எடுத்தபோது என்னவர் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார்.

"கடலை மட்டும் எடுக்காதையும். நான் விடிஞ்சாப் பொழுதுபட்டாக் கடலைத்தான் பாக்கிறன். மரம் எடுத்து அனுப்பும். காடு மாதிரி ஏதும் இருந்தா இன்னும் நல்லம்."

மன்னார்த் தீவில் காட்டுக்கு எங்கே போவது? உண்மையான காடு என்றால் பாலம் தாண்டிப் பெரிய கரைக்கு, மடுப் பக்கம் போக வேண்டும். அந்தக் காடுகளில் அப்போதுதான் சண்டை ஓய்ந்திருந்தது. சமாதானம் என்று பேப்பர்கள் எழுதிய வருடங்கள் அவை. சனம் அதை முழுதாக நம்பவும் இல்லை, கிடைத்ததை விடவும் இல்லை. நான் வேலை செய்த கந்தோரில் ஒருவர்தான் சொன்னார், தாராபுரம் போகிற வழியில் உள்ளுக்கு ஒரு காட்டுப் பூங்கா இருக்கிறது என்று. வெகுகாலம் ஆமி முகாமாக இருந்த இடம். முகாமைப் பின்பக்கம் ஒதுக்கிக்கொண்டு முன்பாதியைச் சனத்துக்குத் திறந்துவிட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை நான் வெளிக்கிட, மாமி படலையை மறித்துக்கொண்டு நின்றார்.

"தனியவோ போறாய்? கமராவோட ஒருத்தி காட்டுக்குள்ள திரியிறாள் எண்டு சனம் கதைக்கும்."

"உங்கட மருமகள் எண்டுதானே மாமி கதைக்கும்."

"அதுதான் எனக்குப் பயம்" என்று சொல்லிக் குடையை எடுத்தார். மகன் அனுப்பிய குடை, பட்டனை அமத்தினால் தானாக விரிகிறது. அதைக் கோயிலுக்கும் திருவிழாவுக்கும் மட்டும்தான் அதுவரை எடுத்திருந்தார். சைக்கிள் கரியரில் ஏறி இருந்து, "மெல்ல மிதி" என்றார்.

மாமி தலைமன்னார்க் கரையில் பிறந்தவர். மீனும் கருவாடும் வலையுமாகவே அறுபது வயதை நெருங்கியவர். மரங்களில் அவருக்கு மதிப்புள்ளது பனை ஒன்றுதான். "கடல்ல நிண்டா வாறதும் தெரியும் போறதும் தெரியும். காட்டில என்ன தெரியும்?" என்பது அவருடைய கட்சி.

வாசலில் நின்ற ஆமிப் பெடியன் எங்கள் அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டுக் கமராவைத் தொட்டுக் காட்டினான். பிறகு பின்பக்கம் முகாமைக் காட்டி, "அங்கே எப்பா" என்று கையை ஆட்டினான். சிங்களம் தெரியாத எனக்கும் அது விளங்கியது. பெயர்ப்பலகையில் மானும் மயிலும் கீறியிருந்தன. உள்ளே ஐந்தாறு கழுதைகள் நின்றன.

பங்குனி மாதம். விடத்தல் பற்றைகள் சாம்பலாகக் காய்ந்திருந்தன. உடை மரங்கள் மட்டும் தட்டையாகத் தலையை விரித்து நின்றன, அவற்றின் கீழே சல்லடையில் சலித்ததுபோல நிழல். நான் அந்த நிழலை எடுத்தேன், கள்ளியை எடுத்தேன், கழுதையின் காதை எடுத்தேன். மாமி குடையை விரித்து, கவிழ்ந்து கிடந்த ஒரு தார்ப் பீப்பாவில் இருந்துகொண்டு வெயிலைத் திட்டினார்.

பாதை ஓரிடத்தில் சட்டென்று முடிந்தது. முடிந்த இடத்தில் சிவப்பு மை பூசிய குச்சிகள் வரிசையாக ஊன்றியிருந்தன. மண்டையோடு கீறிய பலகையில் மிதிவெடி என்று எழுதியிருந்தது. குச்சிகளுக்கு அங்கால், கல்லெறி தூரத்தில், ஒரு மரம் குளித்துவிட்டு வந்ததுபோலக் கரும்பச்சையாக நின்றது.

"மாமி, அது ஒண்டுதான் பச்சையா நிக்குது. என்ன மரம்?"

மாமி கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். "மாதாவே! அது பாலையெல்லே?"

அவர் அவ்வளவு விருப்பத்தோடு ஒரு மரத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. முந்தி மடுப் பக்கத்தில் இருந்து பாலைப்பழம் கடகம் கடகமாகச் சந்தைக்கு வருமாம். காட்டுக்குள் போக முடியாத காலம் வந்த பிறகு யாரும் கொண்டுவரவில்லை. "எத்தினை வருசமாப் போச்சு, ருசியே மறந்துபோச்சு" என்றார். நான் அந்த மரத்தை எட்ட நின்றே எடுத்தேன். படத்தில் அது விரல்நகம் அளவுதான் வந்தது.

படங்களைக் கழுவித் தந்த ஸ்ரூடியோக்காரர் உறையை நீட்டும்போது என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "தங்கச்சி, முழு ரோலிலயும் ஒரு மனிசரும் இல்லை. நான் மெசின் பழுதோ எண்டு யோசிச்சன்." என்னவருக்கோ வேறு குறை. "இதென்னப்பா, இஞ்சை இருக்கிற பாலைவனத்தையே எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்?"

"மழை வரட்டும்" என்றேன்.

மழைக்கு முதல் சோளகம் வந்தது. அந்தக் காற்று பூங்காவுக்குள் மண்ணை அள்ளிக்கொண்டு நுழையும். கமராவைச் சேலைத் தலைப்புக்குள் பொத்திவைத்து, காற்று மூச்சுவிடுகிற இடைவெளியில் ஒரு படம் எடுப்பேன். அந்தப் பருவத்தில்தான் மிதிவெடி அகற்றுகிறவர்களும் வேலை தொடங்கினார்கள். நீலக் கவச உடுப்பும் முகத்துக்கு முன்னால் தடித்த கண்ணாடியுமாக, முழங்காலில் இருந்து, பாய் விரிக்கிற அகலத்துக்கு மண்ணைக் கிளறிக் கிளறி முன்னேறுவார்கள். அவர்கள் வேலை செய்யும்போது எங்களைத் தூர நிறுத்திவிடுவார்கள். தேத்தண்ணி நேரத்தில் மட்டும் அவர்களில் ஒரு பெண்பிள்ளை நாங்கள் இருக்கிற நிழலுக்கு வரும். மலையகத் தோட்டத்தில் இருந்து வந்து பெரிய கரையில் வயல்வேலை செய்து குடியிருந்த குடும்பத்துப் பிள்ளை. தலைக்கவசத்தைக் கழற்றாமல் கண்ணாடியை மட்டும் மேலே தள்ளிவிட்டுப் பேசும். வியர்வை மூக்கு நுனியில் நிற்கும்.

"உனக்குப் பயமில்லையோ பிள்ளை?" என்று மாமி கேட்டார்.

"பயந்தா கை நடுங்கும்மா. நடுங்குனா வேலைக்கு விட மாட்டாங்க."

"அந்தப் பாலைக்கு எப்ப வந்து சேருவியள்?"

பிள்ளை திரும்பி மரத்தைப் பார்த்தது. மரம் முழுக்க மஞ்சள் மஞ்சளாகப் பழம். கொண்டைக்குருவிகள் சத்தம் போட்டன. கீழே, எப்படியோ வெடிக்குத் தப்பிய கழுதைகள் ஆறுதலாக நின்று, விழுந்ததை மென்றன.

"பழத்துக்காகக் கேக்குறீங்களா?"

"சீச்சீ, சும்மா கேட்டனான்."

"இந்த வருசப் பழம் கழுதைக்குத்தாம்மா" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை. நான் குனிந்து பிலிமைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய காற்று. மாமியின் குடை மடங்கி, கையை உதறிக்கொண்டு கிளம்பி, சிவப்புக் குச்சிகளுக்கு மேலால் உருண்டு போனது. மாமி, "என்ர பிள்ளை அனுப்பின குடை!" என்று கத்தியபடி அதன் பின்னால் ஓடினார்.

என்ன செய்கிறேன் என்று நினைக்க நேரம் இருக்கவில்லை. பாய்ந்து அவருடைய சேலையைப் பிடித்து இழுத்தேன். சேலை கிழிந்தது. அவர் தடுமாறி முகம் குப்புற மணலில் விழுந்தார். நானும் அவர்மேல் விழுந்தேன். கண்ணைத் திறந்தபோது ஒரு சிவப்புக் குச்சி சரிந்து கிடந்தது. மாமியின் வலது கை முழங்கை வரைக்கும் அங்கால் பக்கம் நீண்டிருந்தது.

"அம்மா, அசையாதீங்க! ரெண்டு பேரும் அசையாதீங்க!" தூரத்தில் இருந்து அந்தப் பிள்ளையின் குரல்.

காற்று மட்டும்தான் கேட்டது. மாமியின் முதுகு எனக்குக் கீழே ஏறி இறங்கியது. பிள்ளை பாதை வழியே வந்து எங்களுக்குப் பின்னால் நின்று, முதலில் என்னை எழும்பச் சொன்னது. பிறகு மாமியிடம், "கையை மண்ணுல தேய்க்காம, மேல தூக்கி, மெதுவா இழுத்துக்கங்கம்மா" என்றது. மாமி பூசையில் நிற்கிற பக்தியோடு அப்படியே செய்தார். மெல்ல எழும்பி நின்றார். பிள்ளை அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. அந்தத் தடித்த கவசத்தின் மேலேயே மாமி தலையைச் சாய்த்து அழுதார்.

நேரே வீட்டுக்கு வந்தோம். படலையைத் திறக்கும்போது மாமி சொன்னார்: "அவனுக்கு இதொண்டும் சொல்லாதை."

ஞாயிறு கோல் எடுத்தபோது என் கையில் இருந்து ரிசீவரைப் பறித்து மாமியே எல்லாவற்றையும் சொன்னார். அவர் சொன்ன கதையில் புயல் இருந்தது. குடையை அவர் எட்டிப் பிடிக்கப்போன நேரத்தில் நான்தான் விழுந்து குழப்பிவிட்டேன். அங்கே என்னவர் என்ன சொன்னாரோ தெரியாது. "இனிக் காட்டுக்குப் போகவேண்டாம் எண்டுறான், விசரன்" என்று மாமி ரிசீவரை வைத்தார். அடுத்த சனி பழைய கறுத்தக் குடையோடு எனக்கு முதலே கரியரில் ஏறி இருந்தார்.

புதுக் குடை பாலை மரத்தடியிலேயே தங்கிவிட்டது. என் படங்களில் அது அப்போதுதொட்டு ஒரு சின்னப் புள்ளியாக இருக்கிறது.

மாரி தொடங்கியதும் அந்த இடம் எனக்கே அடையாளம் தெரியாமல் போனது. இரண்டு கிழமைக்குள் எல்லாம் பச்சை. பள்ளங்களில் தண்ணி நின்றது, தண்ணிக்குள் உடை மரங்கள் தலைகீழாக நின்றன. தம்பளப்பூச்சிகள் சிவப்பு வெல்வெற் துண்டுகளாக மணலில் ஊர்ந்தன. புல் இடுப்பளவு வளர்ந்து குச்சிகளை மூடிவிட்டதால் மிதிவெடிக்காரர் நெட்டைக் கம்புகளை நட்டுவிட்டு, ஈரம் காயும் வரை வேலையை நிறுத்தினார்கள். நாங்கள் பாதையின் நடுவை விட்டு ஒரு அடி விலகவில்லை. ஆனால் மாமிக்குக் கண் பழகிவிட்டது. அலைக்குள் மீன்கூட்டத்தைக் கண்டுபிடிக்கிற கண் அது. "உஸ், அங்கை பார்" என்று என் தோளை அமத்துவார். பார்த்தால் பற்றைக்குக் கீழே தாய்க் கௌதாரி, பின்னால் குஞ்சுகள். நான் ஒருபோதும் கண்டிருக்கமாட்டேன்.

அந்த ரோல் போய்ச் சேர்ந்த பிறகு என்னவர் சொன்னார்: "படமெல்லாத்தையும் அறைச் சுவரில ஒட்டியிருக்கிறன். கூட இருக்கிற மலையாளத்துக்காரன் இது தன்ர ஊர் எண்டு அடம்பிடிக்கிறான்."

மறுபடி பங்குனி வந்து புல் காய்ந்தபோது, குடை துணி வெளுத்துக் கம்பிகளோடு தெரிந்தது. மிதிவெடிக்காரர் திரும்பி வந்தார்கள். சிவப்புக் குச்சிகள் பின்வாங்க, வெடி எடுத்து முடிந்த நிலத்தில் வெள்ளைக் குச்சிகள் முன்னேறின. ஒரு சனிக்கிழமை தேத்தண்ணி நேரத்தில் அந்தப் பிள்ளை குடையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து மாமியிடம் கொடுத்தது. குடையின் மடிப்புக்குள் ஒரு ஓணான் இருந்தது. மாமி பட்டனை அமத்தினார். குடை விரியவில்லை, ஓணான்தான் பாய்ந்தது. அன்றைக்கு முழு அணியும் சிரித்தது.

"குடைக்குப் பக்கத்தில ஏதும் இருந்ததோ?" என்று நான் மெல்லக் கேட்டேன்.

"இருந்துச்சு" என்றது பிள்ளை. எத்தனை என்று அது சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வைகாசி முடிவில் மரத்தடி வரை போகலாம் என்று விட்டார்கள். பக்கத்தில் போனபோதுதான் அந்த மரம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. நான் எவ்வளவு பின்னுக்குப் போயும் அது கமராவுக்குள் அடங்கவில்லை. மாமி கீழே இருந்து பழங்களைப் பொறுக்கி மடியில் போட்டார். முதல் பழத்தை வாயில் போடுமுன் சிலுவை அடையாளம் போட்டார். அதன் பிறகு எண்ணிக்கையே இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெட்டை பச்சைச் சுரிதாரோடு சைக்கிளில் வந்து இறங்கி, "அம்மா, எனக்கு இல்லையா?" என்றது. நாங்கள் இருவரும் விழித்தோம். நீளப் பின்னல், காதில் சின்னத் தோடு. சிரித்த பிறகுதான் யார் என்று பிடிபட்டது. கவசம் இல்லாமல் அதை நாங்கள் கண்டதே இல்லை. அடுத்த கிழமை பெரிய கரைக்கு வேலை மாறிப் போவதாகச் சொல்லிவிட்டுப் போக வந்திருந்தது.

மாமி ஏதோ சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தார். முடியவில்லை. பாலைப்பழத்தின் பால் உதடு இரண்டையும் பசைபோல ஒட்டிவிட்டது. கையை மட்டும் ஆட்டி, பிள்ளையை இழுத்துப் பக்கத்தில் இருத்தி, மடியில் இருந்ததில் பாதியை அதன் கையில் கொட்டினார். நான் அப்போது எடுத்த படத்தில் இரண்டு பேரும் உதட்டைப் பொத்திக்கொண்டு கண்ணால் சிரிக்கிறார்கள். ஸ்ரூடியோக்காரர் அதைப் பெரிதாக்கித் தன் கண்ணாடி அலுமாரியில் வைக்கக் கேட்டார். மாமி விடவில்லை. "சேலை சரியில்லை" என்று சொல்லிவிட்டார்.

மார்கழியில் நத்தார்ப் பெருநாளுக்கு என்னவர் லீவில் வந்தார். மூவருமாகப் பூங்காவுக்குப் போனோம். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானோ? படத்தில பெரிய வனம் மாதிரியெல்லோ இருந்தது" என்றார்.

"உனக்குப் பாக்கத் தெரியேல்லை, வா" என்று மாமி அவருடைய கையைப் பிடித்து இழுத்துப் போனார். இது விடத்தல், முள்ளுக் கவனம். இதில கௌதாரி முட்டையிட்டது. இந்தக் கழுதைக்கு ஒரு கண் தெரியாது. அவர் போகிற இடமெல்லாம் மகன் தலையை ஆட்டிக்கொண்டு பின்னால் போனார்.

அவர் திரும்பிப் போய்க் கொஞ்ச மாதத்தில் றோட்டில் மறுபடி மண்மூட்டைகள் அடுக்கத் தொடங்கினார்கள். இரவில் தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டது. ஒரு சனிக்கிழமை நாங்கள் போனபோது வாசலில் முள்ளுக்கம்பி சுற்றியிருந்தது. நின்ற ஆமிப் பெடியன் புதியவன். "பூங்கா மூடியாச்சு. வீட்டுக்குப் போங்கோ அம்மா" என்று நல்ல தமிழிலேயே சொன்னான்.

மாமி கம்பிக்கு மேலால் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தார். நான் சைக்கிளைத் திருப்பினேன். திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. கரியரில் மாமி கறுத்தக் குடையை விரித்துப் பிடித்தார். நான் அவருக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று யோசித்து மிதித்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை" என்றார், பாதி வழியில். "முன்னுக்கு வாற மீன்வாடிக்குப் பின்னால ஒரு உவர்க்குளம் இருக்கு. பூநாரை வந்து நிக்குதாம். கமராவில பிலிம் கிடக்கோ?"

கிடந்தது. அந்தப் பக்கமாகத் திருப்பினேன்.