நார்மல் என்று வந்த ரத்தம்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? இது பட்டப்பகலில், சாப்பாட்டு நேரத்தில், ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நடந்தது. என் தம்பி மனைவிக்கு நடந்தது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் மூஞ்சி காட்டிக்கொடுத்துவிடும்.

அவள் அங்கே டெக்னீஷியன். அன்று வந்த டியூப்களில் ஒன்று அவளுடைய அக்கா புருஷனுடையது. மனுஷனுக்கு மாசக்கணக்கில் எலும்பு வலி. கிட்னியும் மக்கர் பண்ணியது. எலும்பு மஜ்ஜையில் கோளாறு என்றால் ‘லைட் செயின்’ என்ற புரதம் ரத்தத்தில் ஏறும். அதைத்தான் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

மெஷின் நார்மல் என்றது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே போன் போட்டாள்.

“ஒண்ணுமில்லக்கா. அத்தானுக்கு எல்லாம் நார்மல்.”

அக்கா போனிலேயே அழுதாள்.

போனை வைத்த பிறகும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்படியானால் அந்த வலி எதனால்? கேட்கலாம் என்றால் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

கவுன்ட்டர் ஜன்னலில் ஒருவர் நின்றார். ஒல்லி. முழங்கையை மடக்கி, ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார். ரத்தம் எடுக்கிற அறையைப் பூட்டியோ வெகுநேரம் ஆகியிருந்தது.

“டைல்யூட் பண்ணிப் பாத்தீங்களாம்மா?”

“யாருங்க நீங்க?”

“எனக்கும் நார்மல்னுதான் வந்துச்சு.”

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். வராந்தா காலி.

டக்... டக்...

திரும்பினாள். ஸ்டாண்டில் அத்தானின் டியூப் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தப் புரதம் அளவுக்கு மீறிப் போனால் மெஷினே திணறிக் குறைத்துக் காட்டிவிடும். சந்தேகம் வந்தால் நீர்க்கச் செய்து மறுபடி ஓட்ட வேண்டும். சந்தோஷத்தில் அதை மறந்துவிட்டாள்.

நீர்க்கச் செய்தாள். ஓட்டினாள்.

பின்கழுத்தில் மூச்சுக் காற்று... சில்லென்று...

திரும்பவில்லை.

எண் வந்தது. நார்மலைப் போல நூறு மடங்கு.

அக்காவுக்கு மறுபடி போன் செய்ததைப் பற்றி அவள் இன்றுவரை பேச மாட்டாள். அந்த வாரமே வைத்தியம் தொடங்கியது. அத்தான் பிழைத்தார்.

பிறகு ஒருநாள் சீனியரிடம் அந்த ஆளின் அடையாளம் சொன்னாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அவர் போய்ச் சேந்து மூணு வருஷமாச்சும்மா. இதே வியாதி. நார்மல்னு அனுப்பிட்டோம்.”

“டைல்யூட் பண்ணணும்னு அவருக்கு யாரு சார் சொன்னது?”

“யாரும் சொல்லல. அவர் செத்த அப்புறம்தான் எனக்கே சந்தேகம் வந்துச்சு. ஃப்ரீசர்ல மிச்சமிருந்த அவர் ரத்தத்தை டைல்யூட் பண்ணிப் பாத்தேன். இந்த ரூம்லதான், கதவைச் சாத்திட்டு... நான் மட்டும். இன்னைவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல.”