காற்றின் மேல் போட்ட பழி

பந்தலூர் அருகே ஒரு தேயிலை ஃபேக்டரியில், மழைக்காற்றில் இரும்புக் கூரை சரிந்து, இலை வாட்டும் மாடியில் வேலை செய்த பெண் இறந்துபோனார். காரணம் கண்டறிய, கட்டுமானப் பொறியாளனான என்னை அழைத்தார்கள்.

பழைய வரைபடத்தைக் கணினியில் ஏற்றினேன். கூரை தாங்கும் என்றது மென்பொருள். ஆனால் கூரை விழுந்து கிடந்தது. கூரையின் இரும்புச் சட்டங்களை நேரில் அளந்து, கையால் கணக்குப் போட்டேன். காற்று கூரையை மேலே தூக்கும்போது கீழ்ச்சட்டம் வளையாமல் பிடித்துக்கொள்ளும் குறுக்குக் கம்பிகள் வரைபடத்தில் மட்டும்தான் இருந்தன.

இறந்தவரின் கணவர் வாசலில் நின்றிருந்தார்.

"காத்துதான் காரணம்னு மேனேஜர் தொரை சொல்றாரு. நெசமாங்க ஐயா?"

"இல்லீங்க. போட வேண்டிய கம்பியப் போடல."

"அப்ப அவ செத்திருக்கவே வேண்டாம்," என்றார்.

அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். கம்பிகள் போட்டு மாடியைத் திறந்தபோது அந்தக் கணவர் எஸ்டேட்டை விட்டே போயிருந்தார்.