ஒரு மாடு பூட்டிய வண்டி

தென்னம்பாளையைப் பிளந்த அன்றைக்கு வீடு முழுக்க ஒரு பச்சை வாசம் நிற்கும். இளநீர் வாசமும் இல்லை, பூ வாசமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில், மூக்கில் ஏறி நாக்கில் லேசாகத் துவர்க்கிற மாதிரி ஒரு வாசம். வைகாசியில் எங்கள் ஊர் மாரியம்மனுக்கு "மது எடுப்பு" நடக்கும்போது, பித்தளைக் குடத்தில் நெல்லை நிரப்பி, அதன்மேல் பிளந்த பாளையை விரித்து நிறுத்தி, பூச்சுற்றி, பெண்கள் தலையில் சுமந்துகொண்டு கோயிலுக்குப் போவார்கள். பெயர்தான் மது; குடத்துக்குள் இருப்பது நெல். ஆலங்குடியிலிருந்து கீரமங்கலம் போகிற பாதையில் உள்ளடங்கின ஊர் எங்களுடையது. புதுக்கோட்டை சமஸ்தானம் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்த அந்த வைகாசியில் எங்கள் அம்மாவின் குடமும் துலக்கி, பாளை வைத்து, அடுப்படி மூலையில் தயாராக இருந்தது. அந்தக் குடம் அந்த வருஷம் கோயிலுக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கடவுள் இல்லை என்கிறவனுக்குத்தான் அறிவு கூடுதல் என்று என் தம்பி இன்றைக்கும் சொல்கிறான். நம்புகிறவனுக்குத்தான் புத்தி தெளிவு என்று கோயில் மைக்கில் யாரோ பேசுகிறார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், அதற்காக யாரிடமும் தலை குனிகிறவளும் இல்லை. இந்த இரண்டு கூட்டமும் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் நேருக்கு நேர் நின்றதைப் பத்து வயதில் கண்ணால் பார்த்தவள் நான். படித்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேட்கட்டும்.

எங்கள் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். வைகாசி வெயிலிலும் அந்தச் சட்டையைக் கழற்றமாட்டார். அது வியர்வையில் வெளுத்துப் போகாமல் நிழலில் காயப்போட்டு எடுப்பது அம்மாவின் வேலை. டீக்கடையில் பேப்பரை உரக்கப் படிப்பார், ஆலங்குடி, அறந்தாங்கி என்று கூட்டங்களில் பேசுவார். பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்று அவர் பேசினால் கை தட்டாதவர்கள் கிடையாது. தம்பி பிறந்ததும், பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியவரும் அவர்தான். தம்பிக்கு அறிவழகன் என்று பேர் வைத்தார். அம்மா அந்தப் பேரை வாயில் எடுத்ததே இல்லை. அவளுக்கு அவன் "மாரி". பிள்ளை ஒன்றுதான், கூப்பிடுகிற ஆளைப் பொறுத்து இரண்டு பேருக்கும் திரும்பிப் பார்க்கும்.

அம்மா பேர் அடைக்கம்மாள். எழுதப் படிக்கத் தெரியாது. அப்பா சாமியைத் திட்டும்போது அவள் மறுத்துப் பேசினதும் இல்லை, அவர் திட்டுகிறார் என்று சாமி கும்பிடாமல் இருந்ததும் இல்லை. "அவுக வேலைய அவுக பாக்குறாக, என் வேலைய நான் பாக்குறேன்" என்பாள்.

எங்கள் ஊர்க் கட்டுப்பாடு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், மஞ்சள் தண்ணீர் விளையாடி முடிகிறவரை ஊர்க்காரர் யாரும் எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. பகலில் போனாலும் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். மீறினால் ஆத்தா கோபம் ஊர்மேல் வரும், மழை பொய்க்கும் என்பார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறவர் ஊர் அம்பலம். அவர் அம்மாவுக்குக் கூடப் பிறந்த அண்ணன், எனக்குத் தாய்மாமன். அப்பாவும் அவரும் மாமன் மச்சான் என்பதால் சண்டையிலும் கேலி இருக்கும், கேலியிலும் சண்டை இருக்கும்.

மது எடுப்புக்கு முதல் நாள் விடியலிலிருந்து தம்பிக்கு வாந்தியும் பேதியும். இரண்டு வயதுப் பிள்ளை. முதலில் அழுதான், பிறகு முனகினான், மதியத்துக்கு மேல் முனகலும் நின்றுபோயிற்று. அம்மா கோயில் தீர்த்தம் வாங்கிவந்து கொடுத்துப் பார்த்தாள், திருநீறு பூசினாள், ஓமத் தண்ணீர் கொடுத்தாள், எல்லாம் அடுத்த நிமிஷம் வெளியே வந்தது. கண் உள்ளே போய்விட்டது. அம்மா வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டபோது கிள்ளின இடம் அப்படியே மடிந்து நின்றது. அதை அம்மா எனக்குக் காட்டவில்லை, நானாகப் பார்த்தேன். வெளியில் போயிருந்த அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர என்னை அனுப்பினாள். அவர் வந்து பிள்ளையைப் பார்த்ததும், "ஆலங்குடி ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்" என்றார். சரியான பேச்சு. தொழுவத்துக்குப் போய் ஒரு மாட்டை அவிழ்த்து நுகத்தில் சேர்த்துப் பூட்டாங்கயிற்றை மாட்டினார். அடுத்த மாட்டை அவிழ்க்கப் போகும்போதுதான் அம்பல மாமா பத்துப் பேரோடு வாசலுக்கு வந்தார்.

"மாப்ளே, காப்புக் கட்டியாச்சு. இனிமே போனா ராத்திரிக்குத் திரும்ப முடியாது. ஊருக்கு ஆகாது. விடியட்டும், மது எறங்கட்டும், நானே என் வண்டியக் கட்டித் தாரேன்" என்றார்.

அப்பா அவரை ஒதுக்கிவிட்டு மாட்டை அவிழ்த்திருக்கலாம். கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்.

"ஒங்க ஆத்தாளுக்கு எம் புள்ள செத்தா மழை பெய்யும், பொழைச்சா பெய்யாதா மச்சான்? நேத்து ஒரு நாய் பீடத்துலயே காலத் தூக்குச்சே, அதுக்கு என்ன தண்டனை குடுத்தா?"

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அம்பல மாமாவுக்கு முகம் சிவந்தது.

"கண்ணுல காணாதது எல்லாம் இல்லையின்னா, ஒனக்கு மூளை இருக்கறத நாங்க எப்புடிய்யா நம்புறது?"

இதற்கும் சிரித்தார்கள். அப்பாவுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. கல்லைப் பற்றிச் சொன்னார், கல்லைச் செதுக்கினவனைப் பற்றிச் சொன்னார், மழை எப்படிப் பெய்கிறது என்று கடலிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். மாமாவும் விடவில்லை, முந்தின பஞ்சத்தைச் சொன்னார், காப்பு மீறினவன் குடும்பம் என்ன ஆயிற்று என்று கதை சொன்னார். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். யாரோ அப்பாவுக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு மாடு நுகத்தில் நின்றுகொண்டிருந்தது. இன்னொரு மாடு தொழுவத்தில் வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. பிள்ளை உள்ளே கோரைப்பாயில் கிடந்தது.

அன்றைக்கு அப்பா பேசின ஒவ்வொரு சொல்லும் சரி. எனக்கு அறுபது வருஷத்துக்கு மேலாக ஆறாத ஆத்திரம் அதுதான். தப்பாகப் பேசியிருந்தால் மன்னித்துவிட்டிருப்பேன். சரியாகப் பேசத் தெரிந்தவருக்கு, பேச்சை நிறுத்தவேண்டிய நேரம் தெரியவில்லை. மாமா மேலும் எனக்குக் குறைந்த கோபம் இல்லை. கூடப் பிறந்தவள் பிள்ளை உள்ளே காய்ந்துகொண்டிருக்கிறது, ஒரு எட்டு உள்ளே வந்து பார்க்கவில்லை அந்த மனிதர்.

அம்மா இரண்டு தடவை நிலைப்படிவரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். மூன்றாவது தடவை வரும்போது தம்பியைப் பழைய சேலையில் சுற்றித் தோளில் போட்டிருந்தாள். என் கையில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்து, "சிந்தாம வா" என்றாள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில்தான் வழி. நடந்தாள். பேச்சு சட்டென்று நின்றது.

"அடைக்கம்மா, எல்லையத் தாண்டாத, சொல்லிப்புட்டேன்" என்றார் மாமா.

அம்மா நின்றாள். அவள் கையில் மஞ்சள் காப்புக் கயிறு இருந்தது. "அண்ணே, எல்லைக்கு அங்கிட்டு ஆத்தா இல்லையா? அங்கிட்டு யாரு இருக்கான்னு சொல்லுங்க, நான் அவுகளக் கேட்டுக்கிறேன்" என்றாள்.

அப்பா முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, தன் கட்சிக்கு ஆள் சேர்ந்துவிட்ட மாதிரி. அம்மா அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க இருந்து ஜெயிச்சுட்டு வாங்க. நான் புள்ளையக் கொண்டு போறேன்" என்றாள். அவ்வளவுதான். கண்மாய்க்கரையில் ஏறி, எல்லைக்கல்லைத் தாண்டும்போது அவள் நிற்கவும் இல்லை, கும்பிடவும் இல்லை, அதைப் பார்க்கக்கூட இல்லை. எனக்குச் செம்புத் தண்ணீரில் பாதி சிந்திவிட்டது. மீதியில் சேலை நுனியை நனைத்து நனைத்துத் தம்பி உதட்டில் பிழிந்துகொண்டே நாலு கல் தூரம் நடந்தாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். மாரி, மாரி என்றாள். பிள்ளையைக் கூப்பிட்டாளா, சாமியைக் கூப்பிட்டாளா என்று நான் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தொடையில் ஊசி போட்டு உப்புத் தண்ணீர் ஏற்றினார். விடியற்காலையில் தம்பி ஒன்றுக்குப் போய் அம்மா மடியை நனைத்தான். அப்போதுதான் அம்மா அழுதாள். வெயில் ஏறின பிறகு அப்பா வண்டியோடு வந்தார், இரண்டு மாடும் பூட்டி, சட்டை மாற்றி. "ஒங்கண்ணனை ஒரு வார்த்தை பேச விடல" என்றார். "மாட்டுக்குத் தண்ணி காட்டுனீகளா?" என்று அம்மா கேட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய அநியாயம். ஊர் கூடி, காப்புக் கயிற்றோடு எல்லை தாண்டி ராத்தங்கின குற்றத்துக்காக அம்மா இனிமேல் மது எடுக்கக் கூடாது என்று தீர்த்தது. அடுத்த வருஷம் சாமியாடி அருள் வந்து, "எம் புள்ளைய நானேதான்டா தூக்கிட்டுப் போனேன், நானேதான்டா காப்பாத்துனேன்" என்று ஆடினார். ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆத்தாளே தூக்கிக்கொண்டு போனாள் என்றால், எல்லை தாண்டின குற்றம் ஆத்தாள் பேரில் அல்லவா வர வேண்டும்? அம்மாவின் குடத்தை ஏன் நிறுத்தினீர்கள்? பதினொரு வயதில் இதை மாமாவிடம் கேட்டேன். "பொட்டப்புள்ளைக்கு வாயப் பாரு, அப்பன் புத்தி" என்றார். அப்பன் புத்தி இல்லை அது. அம்மா புத்தி.

அப்பா மட்டும் என்ன செய்தார்? ஆலங்குடிச் சந்தைத் திடலில் கூட்டம். நாங்கள் பெண்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தோம். அப்பா தம்பியை மேடையில் தூக்கிக் காட்டி, "மூடநம்பிக்கை குறுக்கே நின்றது. எல்லைக்கல்லைக் காலால் எத்திவிட்டு இந்தப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன், பகுத்தறிவு காப்பாற்றிய பிள்ளை இது" என்று முழங்கினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அம்மா தம்பியின் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பி வரும்போது, "அப்பா பொய்தானம்மா சொன்னாக?" என்றேன். "ஆம்பளைக பேசுறது அப்புடித்தான். புள்ள இருக்கான்ல" என்றாள். அந்தப் பதிலுக்காக அவள்மேலும் எனக்குக் கோபம் உண்டு.

செத்துப்போகிறவரை வருஷா வருஷம் குடத்தில் பாளை வைத்து அடுப்படியிலேயே வைத்துக் கும்பிட்டாள். ஊரும் அந்தக் குடத்தைக் கோயிலுக்குள் விடவில்லை. அப்பாவும் "இன்னும் திருந்தலையா நீ" என்று சிரித்தார். கடவுள் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கும்பிடத் தோன்றினால் கும்பிடுகிறேன், தோன்றாவிட்டால் சும்மா இருக்கிறேன், அது என் பாடு. ஆனால் இதில் எது அறிவு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியும். அன்றைக்கு வாசலில் உண்டு என்றும் இல்லை என்றும் பேசினவர்கள் அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். பிள்ளையின் தோலைக் கிள்ளிப் பார்த்தவள் நடந்தாள்.

இப்போது எங்கள் ஊரில் கண்மாய்க்கரை தார்ரோடாகிவிட்டது, எல்லைக்கல் அதன் அடியிலோ என்னவோ, காணோம். காப்புக் கட்டின பையன்கள் திருச்சிக்கு வேலைக்குப் போய் அடுத்த நாள் வருகிறார்கள், கேட்பார் இல்லை. கறுப்புச் சட்டைக் கூட்டமும் இல்லை. யாரும் வாதாடி ஜெயித்து மாற்றினது கிடையாது, பஸ் வந்தது, கட்டுப்பாடு போய்விட்டது. அம்மாவை நிறுத்தினது தப்பு என்று மட்டும் இன்றுவரை ஊரில் ஒருத்தரும் சொல்லவில்லை.

தம்பி புதுக்கோட்டையில் திருக்கோகர்ணத்துப் பக்கம் வீடு கட்டியிருக்கிறான். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன், அப்பா மாதிரியே நன்றாகப் பேசுவான். போன மாதம் போயிருந்தபோது பேரப்பிள்ளைகளை உட்கார வைத்து அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான், அப்பா எத்தின கல்லோடு, அப்பா ஓடின ஓட்டத்தோடு. எனக்குப் பொறுக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். அவன் சிரித்தான்.

"எதுக்கும் ஆதாரம் வேணும்க்கா. வெறுமனே சொன்னா எப்படி?"

"அப்பா ஓடினதுக்கு என்ன ஆதாரம் வச்சிருக்க?"

"அப்பாவே சொல்லியிருக்காரேக்கா, அத்தனை மேடையில!"

"நீ பாத்தியா?"

"ரெண்டு வயசுல நான் என்னத்தப் பாத்தேன்?"

"நான் பாத்தேன்டா" என்றேன்.

சுவரில் மாலை போட்டு அப்பா படம் இருந்தது. அம்மாவைப் படம் எடுத்தவர் யாரும் இல்லை. அவன் எழுந்து போனான். படத்துக்குக் கீழே அணைந்திருந்த சின்னச் சிவப்பு பல்பை இரண்டு தட்டுத் தட்டி எரிய விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.