முப்பத்தொன்பதாவது படம்

என் மேசை இழுப்பறையில் பழைய பென் டிரைவ் ஒன்று கிடக்கிறது. அதில் மிச்சமிருப்பது ஒரே ஒரு படம். இரட்டைச் சடை போட்ட பெண்பிள்ளை, பள்ளிச் சீருடையில், கேமராவை முறைத்துக்கொண்டிருக்கிறாள். படத்துக்குப் பெயர் இல்லை; ஓர் எண்தான்.

ஜவ்வாது மலைப் பள்ளிகளுக்குக் கணினி பழுது பார்க்கப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அன்றைக்கு முதுகுவலி வேறு. இரண்டு பஸ் மாறி மேலே போய்ச் சேரும்போதே பதினொன்றரை. திரும்பக் கடைசி பஸ் நாலு மணிக்கு. தலைமையாசிரியையை அங்கே எல்லோரும் பெரிய டீச்சர் என்பார்கள். பள்ளியின் ஒரே லினக்ஸ் கணினி மூன்று நாளாக எழவில்லை. கறுப்புத் திரையில் நாலு வரி வெள்ளை எழுத்து வந்து, அப்படியே நின்றுவிடும். பொதுத்தேர்வு எழுதப்போகும் முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் புகைப்படங்கள் அதற்குள்தான் மாட்டிக்கொண்டிருந்தன. அன்றைய பஸ்ஸில் அவை கீழே கல்வி அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். விடுமுறைக்குப் பிள்ளைகள் அவரவர் ஊருக்குப் போய்விட்டதால் மறுபடி படமெடுக்கவும் வழியில்லை.

"படம் போவலன்னா ஹால் டிக்கெட் வராதுங்க தம்பி. எதனா பண்ணுங்க" என்றார் டீச்சர்.

கணினி படுத்த காரணத்தைப் பள்ளி எழுத்தர் பெருமையாகவே சொன்னார்: "இடி வுழுந்து பழைய மிஷினு எரிஞ்சி போச்சு சார். அதான் தெனம் பஸ்ஸுக்குக் கெளம்பசொல்லோ மெயின புடுங்கிட்டுப் போய்டுவேன்." கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே! "இதுக்கு இடியே தேவலாம்யா" என்று எரிந்துவிழுந்தேன். பாவம், மனுஷன் முகம் சுருங்கிவிட்டது.

கையோடு கொண்டுபோன லினக்ஸ் சி.டி.யிலிருந்து கணினியை எழுப்பி, ஹார்ட் டிஸ்கைச் சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்தேன். சரிசெய்யவா, சரிசெய்யவா என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. ஆமாம், ஆமாம் என்று தட்டித் தட்டி விரல் ஓய்ந்தது. இரண்டரைக்குக் கணினி தானாக எழுந்தது; படங்கள் இருந்த ஃபோல்டரைக் காணோம். தேடினால், எங்கே சேர்ப்பதென்று தெரியாத கோப்புகளை லினக்ஸ் ஒதுக்கிப் போடும் மூலையில் அத்தனையும் கிடந்தன. முகங்கள் பத்திரம். பெயர்கள்தான் போய், எண்களாகிவிட்டிருந்தன.

எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றி, ஒவ்வொன்றாகத் திறந்தேன். பெரிய டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பட்டியலைப் பார்க்காமலே பெயர், அப்பா பெயர், ஊர் என்று சொல்லச் சொல்ல, நான் தட்டினேன். முப்பத்தெட்டும் முடிந்த பிறகு ஒரு படம் மிஞ்சியது. டீச்சர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். பிறகு அந்தப் பெயரையும் சொன்னார்.

"அப்பா அம்மாவோட காப்பித் தோட்ட வேலைக்குப் போய்டுச்சுங்க. லிஸ்ட்லருந்து எடுத்தாச்சு. பேர மட்டும் போட்டு வெச்சிடுங்க தம்பி. வந்தா எழுதட்டும்."

சரிங்க என்றேன். அதற்குள் பஸ் ஹாரன். பட்டியலில் இல்லாத பிள்ளைக்கு எதற்கு என்ற சலிப்பு. பெயரைத் தட்டாமலே பென் டிரைவை அப்படியே பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

படங்களைக் கீழே அலுவலகத்தில் சேர்த்தேன்; முப்பத்தெட்டுப் பேரும் தேர்வெழுதினார்கள். நான் இப்போது சென்னையில், எங்கேயோ இருக்கும் சர்வர்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுப்புகிறேன். அலுப்பு மட்டும் குறையவில்லை. போன மாதம் எழுத்தர் போன் செய்து, பெரிய டீச்சர் தவறிவிட்டார் என்றார். எனக்கு மறந்தே போயிருந்த அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டேன். "நெனப்பில்லியே சார். டீச்சருக்குத்தான் தெரியும்."

ஒரு நிமிஷ வேலை அது. வெட்கமாக இருக்கிறது. நேற்று படத்தைத் திறந்து, பெயர் மாற்றும் கட்டத்தில் கர்சரை வைத்தேன். அவள் முறைத்துக்கொண்டே இருந்தாள். என்னவென்று எழுதுவது?