பின்சீட்டில் நான்: விழுப்புரம் – திண்டிவனம் – விழுப்புரம், 114 கி.மீ.

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் மனைவி மலரின் இடுப்பு. ஒரே பைக்கில் ஏற்காடு போவது கல்யாணமான நாளிலிருந்து எங்கள் ஆசை. பிப்ரவரியில் கிளம்புவதாக இருந்தோம். ஆனால் பொங்கலுக்குக் கிளியனூரில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு இதே பைக்கில் போய்வந்ததில் இரண்டு நாள் அவளால் குனிய முடியவில்லை. "நீங்க பைக்ல போங்க, நான் பஸ்ல வந்துர்றேன்" என்று தனக்கு மட்டும் டிக்கெட்டே போட்டுவிட்டாள். எனக்கு உண்மையிலேயே வருத்தம். கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கினேன், வண்டியைச் சரிசெய்து காட்ட.

காலை 6.10க்கு விழுப்புரத்தில் புறப்பட்டோம். சீட்டுதான் குற்றவாளி என்று நானே தீர்ப்பெழுதி, 650 ரூபாய்க்கு ஒரு ஸ்பாஞ்சு மெத்தை வாங்கிக் கட்டியிருந்தேன். மீட்டரில் 14 கி.மீ. ஓடியபோது வளவனூர். இரண்டு டீ, 30 ரூபாய்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"மெத்த நல்லாத்தான் இருக்குது. என் இடுப்புதான் இருக்குதான்னு தெரியல."

அங்கிருந்து கரும்பு டிராக்டர்கள் உழுதுபோட்ட உள்சாலைகளில் வானூர் வந்து, கிளியனூர் தாண்டி (58 கி.மீ.) போனோம். வழியெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். அதே பள்ளம், அதே வண்டி. முன்னால் இருக்கும் எனக்கு லேசாகக் குலுங்குவது பின்னால் இருப்பவளை ஏன் தூக்கிப்போடுகிறது?

9.20க்குத் திண்டிவனம் (76 கி.மீ.). ஞாயிறன்று திறந்திருந்த ஒரே மெக்கானிக் கடை அந்தோணி அண்ணனுடையது. மெத்தையை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குனிந்து பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் வளையத்தைத் தடவினார்.

"என்னா சார், மல்லாட்டை மூட்டை ஏத்திக்கினு போனீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன அறுவடையில் மச்சானின் மல்லாட்டை (வேர்க்கடலை) இரண்டு மூட்டையைக் கிளியனூரிலிருந்து இதே ஊருக்குக் கொண்டுவந்தேன். ஸ்பிரிங் அமுங்காமல் இருக்க அந்த வளையத்தைக் கடைசிப் படியான ஐந்துக்கு ஏற்றினோம். மூட்டையை இறக்கினேன், வளையத்தை இறக்கவில்லை. எங்கள் பக்கம் பாதி வண்டிகள் இப்படித்தான் ஓடுகின்றன.

"அப்ப பொங்கலுக்கு நான் மூட்டையாத்தான் வந்துருக்கறேன்" என்றாள் மலர்.

அண்ணன் அளந்து காட்டினார். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து சீட்டின் அடிவரை ஓர் அளவு. பிறகு இருவரும் ஹெல்மெட், பையோடு உட்கார்ந்து மறுபடி ஓர் அளவு. ஸ்பிரிங் மொத்தம் அமுங்கக்கூடியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எங்கள் வண்டிக்கு 30 மில்லிமீட்டர், நம் எடையிலேயே இறங்க வேண்டும். எங்களுக்கு இறங்கியது 14தான். ஸ்பிரிங் விறைத்து நின்றதால், பின்சக்கரத்துக்கு நேர்மேலே இருப்பவளுக்குத்தான் அத்தனை அடியும். நான் 83 கிலோ, மலர் 54. மூன்றாம் படிக்கு இறக்கியதும் 31 வந்தது.

"ரெண்டு பக்கமும் ஒரே படியில இருக்கணும் சார். இல்லன்னா பேஜாரு."

வெற்றி என்று நினைத்து ஒரு சுற்று போனோம். பள்ளங்களில் மலர் சத்தம் போடவில்லை. ஆனால் முதல் வேகத்தடையில் "அம்மா!" என்றாள். கடைக்குத் திரும்பியதும் இறங்கிச் சாவிக்குக் கை நீட்டினாள்.

"நீங்க பின்னாடி குந்துங்க."

தம்பியின் பைக்கில் கியர் பழகியவள். வேகத்தடைக்குப் பத்தடி முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டு, மெதுவாக ஏற்றி இறக்கினாள். வலியே இல்லை. "இப்ப உங்கள மாதிரி ஓட்டுறேன்" என்றாள். கடைசி நொடியில் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே தடையில் ஏற்றினாள். என் பற்கள் அடித்துக்கொண்டன. வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் இவள் என் பின்னால் வாங்கியது இதைத்தான்.

அவளே ஊர்வரை ஓட்டுவதாக முடிவானது. பின்சக்கரத்துக்கு நேர்மேலே இப்போது 83 கிலோ. "பின்னாடி கனம் கூடிப்போச்சி சார்" என்று அண்ணன் நாலாம் படிக்கு மாற்றினார். கூலி 100 ரூபாய்.

டிபன் 160, பெட்ரோல் 300. மதியம் 12.15க்கு வீடு.

ஏற்காட்டுக்கோ வேறெங்கோ ஜோடியாகப் போகிறவர்களுக்கு: மெத்தை வாங்காதீர்கள். போகும் ஆட்களோடும் பைகளோடும் அளந்து படியை வையுங்கள், சுமை மாறினால் படியையும் மாற்றுங்கள். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் பின்சீட்டில் பத்து கிலோமீட்டர் உட்கார்ந்து பாருங்கள்.

வீட்டு வாசலில் மலர் ஃபோனை எடுத்து பஸ் டிக்கெட்டை ரத்து செய்தாள். நான் சாவிக்குக் கை நீட்டினேன்.

"மலை ஏறுற வரைக்கும் நான். இறங்கும்போது பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். படி இன்னும் நாலில்தான் இருக்கிறது.