என்னைத் தனிக்குடித்தனம் வைத்த அப்பா

எங்கள் அப்பா மாரிகுப்பத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடொன்றில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். சுரங்கம் மூடப்பட்டபோது நானும் தம்பியும் பள்ளிப் பிள்ளைகள். அப்பா தளரவில்லை. மறுமாதமே பெங்களூரு ரயிலைப் பிடித்தார். ஒரு கிடங்கில் மூட்டை எண்ணும் வேலை செய்து எங்கள் இருவரையும் பட்டதாரிகளாக்கினார்.

என் திருமண வாழ்க்கை நான்கே ஆண்டுகளில் முறிந்தது. இரண்டு வயது மகளோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பினேன். மூன்று மாதம் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள், பக்கத்து ஊரான ஊரிகத்தில் எனக்கொரு வீடு பார்த்திருப்பதாகச் சொன்னார்.

"எங்கள வெளிய அனுப்பறீங்களாப்பா?" என்று அழுதேன்.

"வாடகை நான் குடுக்கறேன்மா. அரிசி பருப்பு வாங்கிப் போடறேன். ஆனா அந்த வீட்டுக் கதவத் தொறக்கறதும் சாத்தறதும் நீதான். இங்க இருந்தா கடைசி வரைக்கும் எம் பொண்ணாவே இருந்துடுவே."

அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. "பெத்த பொண்ணுக்குச் சோறு போட முடியலியா? இன்னா மனுசங்க நீங்க?" என்று அத்தை முகத்துக்கு நேரே கேட்டார். நானும் அவரை வெறுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

வேலை தேட பெங்களூருக்குப் போகப் பயந்தேன். முதல் வாரம் முழுதும் அப்பா கூடவே வந்து, ஒவ்வோர் அலுவலக வாசலிலும் காத்து நின்றார். அடுத்த திங்கட்கிழமை ரயில் நிலையத்தில் ஒரே ஒரு டிக்கெட்டை நீட்டினார். "போய்ட்டு வாம்மா. பாப்பாவ நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த வாரமே ஒரு கண் மருத்துவமனையில் வேலை கிடைத்தது.

என் வாடகைக்காக அறுபது வயதைக் கடந்தபின் பங்காருபேட்டையில் அவர் காவலாளி வேலை பார்த்ததை அம்மா சொல்லித்தான் பின்னாளில் அறிந்தேன். முதல் சம்பளத்தை அவரிடம் நீட்டியபோது தொடவில்லை. "எனக்கு இன்னாத்துக்கு? வீட்டுக்காரம்மாவுக்குக் குடு" என்றார். அடுத்த ஆண்டு மகளுக்கு மஞ்சள் காமாலை வந்து நான் தடுமாறியபோது, கேட்காமலே வந்து உதவினார். "சம்பாரிக்கறவங்களுக்கும் முடியாத மாசம் வரும்மா. அதுல வெக்கம் இன்னா இருக்குது?" என்றார்.

சுரங்கத் தூசி நுரையீரலில் தங்கியிருந்தது. கடைசி எட்டு மாதங்கள் மூச்சுக்குத் திணறினார். அப்போது என்னைக் கூப்பிட்டு, "ஆக்சிஜன் மிஷின் வேணும்னு டாக்டர் சொல்றாரு. நீ பாத்துக்கறியாம்மா?" என்று கேட்டார். அப்பா என்னிடம் எதையும் கேட்டது அதுவே முதல் முறை. அன்று எனக்கு உண்டான பெருமிதத்தை எழுத்தில் வைக்கத் தெரியவில்லை.

அப்பாவின் இறுதி நாட்களில் இரவு பகல் பாராமல் துணைநின்ற லைன் வீட்டு அண்டை அயலாருக்கும், அவசரத்துக்கெல்லாம் ஆட்டோ கொண்டுவந்த தம்பியின் நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. கணவனைப் பிரிந்தவளுக்கு வீடில்லை என்று நான்கு இடங்களில் கைவிரித்தபோது, "நிம் மகளு, நம் மகளு" என்று, உங்கள் மகள் எங்கள் மகள்தான் எனக் கன்னடத்தில் சொல்லி அப்பாவிடம் சாவியைக் கொடுத்த ஊரிகத்து வீட்டுக்கார அம்மாவை எங்கள் குடும்பம் கைகூப்பி வணங்குகிறது.