மூன்று மணி நேரத் தூரம்

துபாயில் தூரத்தை யாரும் மைலில் சொல்வதில்லை, மணிக்கணக்கில்தான். எங்கள் கிடங்கின் எகிப்திய மேலாளர் போன வாரம், "உன் ஊர் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். பம்பாய் விமானத்தை நினைத்து, "மூன்று மணி நேரம்" என்றேன். "கரீப், கரீப்! பக்கம்தானே, வெள்ளிக்கிழமை போய்ச் சனிக்கிழமை வந்துவிடு" என்று தோளில் தட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த மூன்று மணி நேரத்தால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

போன விடுமுறைக்கு முன்பு ஜவ்வாது மலையிலிருக்கும் தங்கை சின்னப்பொண்ணுக்குக் கடிதம் போட்டேன். அவள் மகள் வள்ளிக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். கூடப் பிறந்த மாமன் நான் ஒருவன்தான். வியாழக்கிழமை காலை விமானம் ஏறுகிறேன், மூன்றே மணி நேரம் என்று பெருமையடித்து எழுதிவிட்டேன். பம்பாயில் ரயிலுக்குக் காத்துக் கிடப்பதையும், அரக்கோணம், காட்பாடி, போளூர் என்று வண்டி மாறுவதையும் எழுதத் தோன்றவில்லை. போளூரைத் தாண்டிப் பார்த்திராத அவளுக்கு, விமானம் மலையடிவாரத்தில் எங்கோ இறங்குவதாக நினைப்பு. வெள்ளிக்கிழமை காலைக்கே நாள் குறித்துவிட்டாள்.

அந்தச் செய்தியோடு அவள் கடிதம் வந்தது நான் கிளம்புவதற்கு முந்தைய நாள். ஓடிப்போய், சனிக்கிழமைதான் வந்து சேருவேன், நாளைத் தள்ளிப் போடு என்று தந்தி அடித்தேன். வெள்ளிக்கிழமை விடிந்தபோது ரயில் ஏதோ பொட்டல் வெளியில் நின்றுகொண்டிருந்தது. கடிகாரம் இன்னும் துபாய் நேரத்திலேயே ஓடியது. ஒன்றரை மணி கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். இப்போது குழந்தையைக் குளிப்பாட்டியிருப்பார்கள், இப்போது ஆசாரி வந்திருப்பார். எழுந்து கதவருகே போவேன், திரும்பி வந்து உட்காருவேன். நான் நின்றால் ரயில் ஓடிவிடுமா என்ன!

ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது சனிக்கிழமை பொழுது சாய்ந்திருந்தது. தந்தி எனக்குப் பிறகுதான் மலை ஏறியது. வள்ளியின் இடது காதில் கம்மல் மின்னியது. வலது காது வெறுமையாக இருந்தது.

"இன்னாண்ணா, மூணு மணி நேரம்னுதான எழுதுன?" என்று தங்கை அழுதாள். "நேரம் தப்பக்கூடாதுன்னு பெரியவங்க ஒரே பிடியா நின்னாங்க. பங்காளி அண்ணன் மடியில வச்சி ஒரு காத குத்திட்டாங்க. இன்னொண்ணு எங்கண்ணன் வந்துதான்னு நான் வுடவேயில்ல."

மறுநாள் காலை வள்ளியை என் மடியில் வைத்தார்கள். முதல் காதுக்கு, விவரம் தெரியாமல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். இப்போது வலி தெரிந்துவிட்டது. ஆசாரி ஊசியை எடுக்கும் முன்பே திமிறினாள். "இந்த மாமா வேணாம், அந்த மாமா மடியில வுடு!" என்று அலறினாள். கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். அவள் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான். மனசு விட்டுப்போயிற்று.

நேற்றுத் தங்கையிடமிருந்து கடிதம். இடது காது நன்றாக ஆறிவிட்டதாம். வலது காது மட்டும் அடிக்கடி சீழ் கோக்கிறதாம். எண்ணெய் தடவப் போனால் வள்ளி பொத்திக்கொண்டு, "இது துபாய் மாமா காது, தொடாத" என்கிறாளாம்.